மெல்லக் கற்போர் என்பவர் யார்?

போன வருஷம் காலாண்டுத் தேர்வு முடிந்து பத்து நாள் இருக்கும். மந்தைவெளிப் பக்கம் கால்வாய்க்கரைக் குடியிருப்பில், ஒரு வீட்டு மாடியில் நாங்கள் நடத்துகிற மாலை வகுப்புக்கு ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி வந்தாள். நோட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பிய தாள். 'மெல்லக் கற்போர் சிறப்பு வகுப்பு' என்று மேலே போட்டிருந்தது. தினமும் பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம், கணக்கும் ஆங்கிலமும். கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"மெல்லக் கற்போர்னா இன்னாக்கா?" என்று கேட்டாள்.

நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். சொல்லுக்குப் பொருள் கேட்டால் உடனே வாயைத் திறந்துவிடுவேன். "மெதுவா படிக்கிறவங்க" என்றேன்.

"நான் மெதுவா படிக்கிறேன்றாங்களா, இல்ல எனக்கு மெதுவாத்தான் ஏறும்றாங்களா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கற்போர் என்பது வினையாலணையும் பெயர், பலர்பால். மரியாதையான சொல்தான். செயலை வைத்து ஆளைக் குறிக்கிற பெயர் அது. செயல் மாறினால் பெயரும் மாற வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை மேல் அந்தப் பெயர் விழுந்தால் அது செயலைக் குறிப்பதில்லை, பிறப்பைக் குறிப்பதுபோல ஒட்டிக்கொள்கிறது. எங்களுக்குப் பழக்கமான ஒட்டுதல்தான் இது.

"எனக்கு வேணாங்க்கா. மணி அடிச்சதும் பேரு கூப்புடுவாங்க. எல்லாரும் பையத் தூக்கினு போவாங்க. நாங்க மட்டும் ஒக்காந்துனு இருக்கணும். பதினோரு பேரு. அதுல ஒம்போது பேரு நம்ப ஏரியா."

நான் சொன்னேன்: "அதெல்லாம் கண்டுக்காத. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

பதினைந்து வருஷமாக மேடையில் பேசியும் துண்டறிக்கை எழுதியும் வருகிற என் வாயிலிருந்துதான் இது வந்தது. அவள் தாளை மடித்து மறுபடி நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அந்த மடிப்பைப் பார்த்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஆசிரியையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தேன். கெட்டவர் இல்லை. சிறப்பு வகுப்புக்கு அவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் போக ஏழு மணி ஆகிறது. பிள்ளைகளுக்குத் தன் காசில் பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறார். "இந்தப் பசங்க எப்படியாவது பாஸ் ஆவணும்மா, அதுக்குத்தான்" என்றார். அது பொய் இல்லை. இங்கே வில்லன் யாரும் இல்லை. அதனால்தான் கேள்வி கஷ்டமாக இருக்கிறது. நல்ல மனசோடு ஒருவர் செய்கிற உதவி, வாங்கிக்கொள்கிற பிள்ளையைத் தலைகுனிய வைத்தால், அந்த உதவியை அறம் என்று சொல்லலாமா? வேண்டாம் என்று சொல்கிற உரிமை அந்தப் பிள்ளைக்கு உண்டா?

அந்தப் பெண்ணின் அம்மாவிடம் இதைப் பேசினேன். ரங்கநாதன் தெருவில் ஒரு துணிக்கடையில் தரை துடைக்கிற வேலை. இரவு பத்து மணிக்குமேல்தான் வீடு திரும்புகிறார். அவர் சொன்னார்: "நீ சொல்றதெல்லாம் சரிதாம்மா. அவமானமா கீதுன்னு கிளாசுக்குப் போவாம இருந்தா யாருக்கு நஷ்டம்? நான் கடையில தெனம் படாததா? மார்க்கு வந்துச்சின்னா இதெல்லாம் தானா போயிடும்."

இதை லேசாகத் தள்ள முடியாது. கையில் எம்.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு, ஒன்பதாவதில் தோற்கப் போகிற பிள்ளையிடம் மானத்தைக் காப்பாற்று என்று நான் உபதேசம் செய்ய முடியாது. ஆனால் அம்மா சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. அவமானம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று இரண்டும் தனித்தனியாக இல்லை. அந்தப் பெண் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருந்த நாட்களில் கவனமெல்லாம் வாசலில் இருந்தது. யார் எட்டிப் பார்க்கிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று. பலகையில் எழுதிய கணக்கு எங்கே ஏறும்?

இந்த வாசல் பயம் எங்களுக்குப் புதிது இல்லை. 1939இல் வெளிவந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்ற தன் சிறிய தன்வரலாற்றில் இரட்டைமலை சீனிவாசன் இதைச் சொல்லியிருக்கிறார். கோயமுத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 பிள்ளைகள். பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதியைக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் வெளியிலேயே எங்காவது இருந்து படித்துக்கொண்டிருப்பார், மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் மற்ற பிள்ளைகள் கிட்டே வருமுன் வீட்டுக்கு விரைந்துவிடுவார். பிற்காலத்தில் 'பறையன்' என்ற பெயரையே தலைப்பாக வைத்து 1893இல் பத்திரிகை நடத்தியவர், லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர், பள்ளிக்கூட விளையாட்டு மைதானத்துக்குப் போக முடியாமல் இருந்தார்.

இன்று ஒரு மனநல ஆலோசகர் அந்தச் சிறுவனைப் பார்த்தால் என்ன எழுதுவார்? கூச்ச சுபாவம், யாரோடும் சேர்வதில்லை, தன்னம்பிக்கை வளர்க்க வேண்டும் என்று எழுதுவார். கூச்சம் அந்தப் பையனிடம் இருந்தது என்பது உண்மை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? மீதி 390 பேருக்கு ஆலோசனை சொல்ல யாராவது இருந்தார்களா?

எங்கள் பெண்ணுக்கும் ஒரு ஆலோசகர் கிடைத்தார். ஒருநாள் வகுப்பில் அழுதுவிட்டாள் என்று, பள்ளிக்கு வந்திருந்த ஒரு கவுன்சலரிடம் அனுப்பியிருக்கிறார்கள். அப்பா குடிப்பாரா, வீட்டில் சண்டை நடக்குமா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார். மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லியிருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படி, நல்லதையே நினை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லாம் அன்பாகத்தான். கேட்காமல் விட்ட கேள்வி ஒன்றே ஒன்று: அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது?

நடந்தது இதுதான். புதிதாக வந்த ஒரு பெண் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சுவாக்கில் எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறாள். சொன்னதும் மறுநாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப்பக்கம் சாதி கேட்பார்கள், மெட்ராஸில் ஏரியா கேட்பார்கள். மயிலாப்பூர் என்று சொன்னாலும் விட மாட்டார்கள், மாடவீதியா கால்வாய்ப் பக்கமா என்று அடுத்த கேள்வி வரும். மூச்சை இழுத்துவிட்டால் இதற்கு என்ன ஆகும்?

உள்ளே வருமுன் உன்னைச் சரிசெய்துகொள் என்பதுதான் இந்த ஆலோசனையின் சாரம். இந்தக் குரலின் வயசை அறிய அடையாறுவரை போனால் போதும். 1893இல் சென்னை அரசாங்கம் பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை போட்டது. அடுத்த வருஷம், 1894இல், பிரம்மஞான சங்கத்தின் கர்னல் ஆல்காட் ஊரூரில் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் என்று அவை பெருகின. தெருவில் நடக்கவே தடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளைக்காரர் பலகையும் பாடமும் கொடுத்ததை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். அந்த முதல் பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடக்கிறது.

அதே சங்கத்துக்கு ஆல்காட்டுக்குப் பின் தலைவரானவர் அன்னி பெசன்ட். 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். பல தலைமுறையாகச் சாராயத்தாலும் நாற்றமுள்ள உணவாலும் இவர்கள் உடம்பு கெட்டிருக்கிறதாம். சில தலைமுறை நல்ல உணவும் சுத்தமான வாழ்க்கையும் கொடுத்தபிறகுதான் இவர்கள் மற்றவர்கள் பக்கத்தில் உட்காரத் தகுதி பெறுவார்களாம். இவர்களை மேலே தூக்க வேண்டுமே தவிர அவர்களைக் கீழே இழுக்கக் கூடாதாம். 1945இல் வந்த காங்கிரசும் காந்தியும் பற்றிய தன் நூலில் அம்பேத்கர் இந்தக் கட்டுரையை எடுத்துப்போட்டு, உலகம் பார்க்க வைத்தார். ஆல்காட் பெயரில் பள்ளி, பெசன்ட் பெயரில் நகர். அந்த நகரில்தான் அந்தப் பள்ளி இருக்கிறது.

பெசன்ட் அம்மையார் எங்களை வெறுத்தார் என்று நான் சொல்லவில்லை. எங்களை உயர்த்தத்தான் நினைத்தார். ஆனால் அந்த உதவிக்கு ஒரு நிபந்தனை இருந்தது: முதலில் தகுதியாகு, பிறகு உள்ளே வா. இது அவர் கண்டுபிடித்ததும் இல்லை. ஆதனூர் நந்தனிடம் தில்லையில் சொன்னதும் இதுதான். தீயில் இறங்கி வா, பிறகு தரிசனம். தீயிலிருந்து வெளியே வந்தவன் நந்தன் இல்லை, பூணூல் போட்ட முனிவர் என்று புராணமே சொல்கிறது. அப்படியானால் நந்தன் உள்ளே போனானா? போகவில்லை. வேறொருவர் போனார். நந்தன் வாசலிலேயே எரிந்துபோனான்.

கூட்டத்தில் பேசாதே, பாஷையை மாத்திக்கோ, ஏரியாவைச் சொல்லாதே, சிரித்தால் கண்டுக்காதே என்று பிள்ளைகளுக்கு நாம் சொல்கிற புத்திமதியெல்லாம் இந்தத் தீயின் சின்னச் சின்னக் கங்குகள்தான். நான் சொன்ன 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ'வும் அதில் ஒன்று.

சரி, உதவியே வேண்டாமா? வேண்டும். நிச்சயமாக வேண்டும். கணக்கு தெரியாத பிள்ளைக்குக் கணக்கு சொல்லித்தான் ஆக வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. அதற்கும் நம் ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. தி.நகர் யார் பெயரில் இருக்கிறதோ அந்தத் தியாகராயர் தலைவராக இருந்தபோது, 1920இல், சென்னை மாநகராட்சி ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு கொடுக்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவு. பின்னால் 1982இல் சத்துணவு, 2022இல் தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவு. இவற்றில் எதிலும் 'பசித்தோர் மட்டும் எழுந்து நில்லுங்கள்' என்று கூப்பிடவில்லை. பசி சில வீடுகளில் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தட்டு எல்லோருக்கும் போட்டார்கள். அதனால் சாப்பாடு பிச்சையாக மாறவில்லை. சோற்றில் கண்ட இந்த நியாயத்தைக் கணக்கிலும் ஆங்கிலத்திலும் ஏன் காணவில்லை?

நான் படித்தபோது நேர்மாறாக நடந்தது. பள்ளியின் பெயர் வேண்டாம். ஒவ்வொரு வருஷமும் உதவித்தொகை விண்ணப்பம் வரும்போது, "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்பார்கள். நிற்போம். அன்றுவரை என் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய பணம். அதை வாங்க நான் கொடுத்த விலை அந்தப் பார்வை. ஒரு வருஷம் நான் எழுந்து நிற்கவே இல்லை. அந்த வருஷம் பணமும் வரவில்லை. அம்மாவிடம் ஏதோ பொய் சொன்னேன்.

அதே பள்ளியில் ஒரு தமிழாசிரியை இருந்தார். நான் பின்தங்கியிருக்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. மதிய நேரத்தில் நூலக அலமாரிச் சாவியைக் கொடுத்து, "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, பதிவேட்டுல புத்தகப் பேரெல்லாம் எழுதித் தாயேன்" என்பார். எழுத எழுதப் படித்தேன். அவருக்குக் கண் நன்றாகத்தான் தெரியும் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. அவர் எனக்கு உதவி செய்யவில்லை, என்னிடம் உதவி கேட்டார். நான் எம்.ஏ. வரை போனதற்கு அந்தச் சாவிதான் காரணம்.

இருந்தாலும் ஒரு நல்ல ஆசிரியையின் மனசை நம்பி ஒரு சமூகம் பிழைக்க முடியாது. பள்ளிக்கூடச் சுவருக்குள் மட்டும் தீர்கிற விஷயமும் இல்லை இது. 2022 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம் இருந்த வீடுகளை இடித்தார்கள். நீதிமன்ற உத்தரவு என்றார்கள். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு தொடங்குகிற நேரம் அது. எதிர்த்து நின்ற ஒருவர் தீக்குளித்து இறந்தார். அந்தக் கரையிலிருந்து தேர்வு எழுதப் போன பிள்ளையிடம் நாலு மணிக்கு எழுந்து படி என்று எந்த ஆலோசகர் சொல்வார்? எழுந்திருக்க வீடு எங்கே? தேர்வு முடியும்வரை புல்டோசரை நிறுத்தியிருந்தால், அதைவிடப் பெரிய கல்வி உதவி அந்த மாதத்தில் வேறு இல்லை.

மனசைத் திறந்து சொல், தீர்வு கிடைக்கும் என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன ஆனது? பன்னிரண்டாவது படித்த தலித் மாணவன் கூடப் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. சொன்னதற்குப் பரிசாக அரிவாள் வீடு தேடி வந்தது. அவனையும் தடுக்கப்போன தங்கையையும் வெட்டினார்கள். அவன் பிழைத்து, மறு வருஷம் 600க்கு 469 மார்க் எடுத்தான். மார்க் எடுத்தான் என்று நாமெல்லாம் பாராட்டினோம். சொல்கிற பிள்ளைக்குப் பாதுகாப்பு கொடுக்க முடியாத இடத்தில், சொல் என்று கேட்பதே ஆபத்து என்பதை மறந்துவிட்டோம்.

இதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளைத் தடுப்பதிலிருந்து பள்ளிப் பெயர்களில் சாதியை நீக்குவதுவரை அதில் பரிந்துரைகள் உண்டு. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: 500 பேருக்குமேல் படிக்கிற பெரிய பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் வேண்டும், சாதிக் கொடுமையைக் கவனிப்பதும் அவர் வேலை. பிள்ளையின் மூச்சை அளக்கிறவரைவிட, பள்ளிக்கூடத்தின் நடத்தையை அளக்கிறவர்தான் எங்களுக்குத் தேவை. தலைமை ஆசிரியரையும் கேள்வி கேட்கிற அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். பிள்ளை சொன்னதை வெளியே விடாத நாவும் வேண்டும். 14417 என்று கல்வி உதவிக்கு ஒரு எண் 2018 முதல் இருக்கிறது. எண் நல்லதுதான். ஆனால் போனை வைத்தபிறகு பிள்ளை போய் உட்கார வேண்டியது அதே பெஞ்சில்.

ஆக, என் பதில் இது. பின்தங்கிய பிள்ளைக்குச் செய்கிற உதவி தானம் இல்லை, பாக்கி. நூற்றாண்டுகளாகப் படிக்கவிடாமல் வைத்திருந்த ஒரு சமூகம் அதன் பிள்ளைகளுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி. கடன் கொடுத்தவனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் எழுந்து நிற்க வைத்து, இந்தா உன் பணம் என்று யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. கடன்பட்டவன்தான் வீடு தேடிப் போக வேண்டும்.

இனி அந்தப் பெண்ணிடம் திரும்புகிறேன். ஒரு வாரம் கழித்து அவளை உட்கார வைத்துச் சொன்னேன்: "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னு சொல்லியிருக்கக் கூடாது. ஒனக்கு மெதுவா ஏறல. ஒங்க பாட்டிக்குப் பள்ளிக்கூடமே இல்ல, ஒங்க அம்மாவுக்கு அஞ்சாவதோட நின்னுபோச்சு. ஒனக்கு லேட்டாத்தான் வந்துச்சு. நீ மெல்லக் கற்போர் இல்ல, ஒனக்குத்தான் மெல்லக் கற்பிச்சிருக்காங்க."

அவள் சிரித்தாள். "அப்போ டீச்சராண்ட போய் சொல்லுக்கா."

அம்மாவும் நானும் போனோம். ஆசிரியை முதலில் கோபப்பட்டார். நான் ராத்திரி ஏழு மணிவரை உயிரை விடுகிறேன், எனக்கே பாடமா என்றார். அவர் கோபம் நியாயம்தான், வாங்கிக்கொண்டோம். மேலே பட்டியல் அனுப்ப வேண்டும், அதை மாற்ற முடியாது என்றார். ஆனால் மறுவாரத்திலிருந்து மணி அடித்ததும் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கணக்கு புரியாத யார் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வகுப்பில் பொதுவாகச் சொன்னாராம். பதினோரு பேர் இருபத்தி நாலு பேர் ஆனார்கள். மாடவீதிப் பக்கத்திலிருந்து, தனி டியூஷனுக்கு மாசம் ஆயிரக்கணக்கில் கட்டுகிற வீட்டுப் பையன் ஒருவனும் வந்து உட்கார்ந்தானாம். அவனுக்கும் இயற்கணிதம் புரியவில்லை. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

இடம் மாறி உட்கார்ந்த அந்தப் பெண் திரும்பி வந்தாளா என்று கேட்டேன். வரவில்லை. ஆலோசகரும் மறுபடி வரவில்லை. அரையாண்டுத் தேர்வில் இவள் கணக்கில் 31 வாங்கினாள். காலாண்டில் 11. தேற 35 வேண்டும். தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். இந்த முறை மடிக்காமல் கொண்டுவந்தாள்.

"இன்னும் நாலு பாக்கிக்கா" என்றாள்.

பாக்கி அவளுடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் நோட்டைத் திறந்து கணக்கை எடுத்து வைத்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.